தர்பார் விருந்தும் பஞ்சக் கூலியும்

ஆசிரியருக்கு,

விக்டோரியா ராணியை இந்தியப் பேரரசியாக அறிவித்த 1877 ஜனவரி டெல்லி தர்பாரைக் கம்பீரமான விழா என்று மட்டும் எழுதுவது நியாயமில்லை. வைஸ்ராய் லிட்டன் சுமார் 68,000 பேரை அழைத்து ஒரு வாரம் விருந்து வைத்தபோது, சென்னை மாகாணம் தாது வருடப் பஞ்சத்தில் (1876–78) கிடந்தது.

அதே மாதம் பஞ்ச நிவாரணச் செலவில் சிக்கனம் பார்க்க இந்திய அரசு அனுப்பிய அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலையில் மண் சுமந்த ஆணுக்கு நிர்ணயித்த நாள்கூலி ஒரு பவுண்டு (சுமார் 450 கிராம்) தானியமும் ஓர் அணாவும் (ரூபாயில் பதினாறில் ஒரு பங்கு). பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் அதைவிடக் குறைவு. 450 கிராம் அரிசி ஏறக்குறைய 1,600 கலோரி தரும். நாள் முழுதும் மண் வெட்டுகிறவருக்கோ சுமார் 3,000 வேண்டும். மீதி உடம்பிலிருந்துதான் போகும்: முதலில் கொழுப்பு, பிறகு தசை. அப்படித் தளர்ந்த உடம்பு வயிற்றுப்போக்கைக்கூடத் தாங்காது. பருப்பு, காய், உப்பு எல்லாவற்றையும் அந்த ஓர் அணாவுக்குள்தான் வாங்க வேண்டும், அதுவும் பஞ்சகால விலையில்.

மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ், குறைந்தது ஒன்றரைப் பவுண்டு தானியமும் பருப்பும் காய்கறியும் வேண்டும் என்று வாதாடினார். அவர் சொன்னதே சரி. ஆனால் மார்ச்சில் உயர்த்தப்பட்ட கூலியும் 570 கிராம் தானியம், 43 கிராம் பருப்புக்கான காசு என்ற அளவோடு நின்றுவிட்டது. தர்பாரைப் பற்றி எழுதும்போது இந்த அளவுகளையும் சேர்த்து அச்சிடுங்கள்.