யூரியா கேட்கும் முன் போன பட்டத்துப் பயிரைச் சொல்லுங்கள்

கொல்லிமலையில் சாமையும் கேழ்வரகும் விதைக்கும் நம் வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

இந்தப் பட்டத்திலிருந்து, உரம் வாங்க வருகிறவர்களிடம் முதலில் ஒன்று கேட்கப்போகிறோம்: "போன தடவை அந்தக் காட்டில் என்ன வைத்திருந்தீர்கள்?" உங்கள் பதிலை வைத்துத்தான் எத்தனை கிலோ வேண்டும் என்று சொல்ல முடியும்.

மரவள்ளி வைத்த காடு என்றால் கவனம் தேவை. கிழங்கு சாம்பல் சத்தை (பொட்டாசியத்தை) நிறைய உறிஞ்சும். அது கிழங்கோடு லாரி ஏறி ஜவ்வரிசி ஆலைக்குப் போய்விடுகிறது. கிழங்கு பிடுங்கும்போது சரிவில் மண் புரள்வதால், அடுத்த பெருமழைக்கு மேல்மண்ணும் இறங்கிவிடும். அந்த இடத்தில் சாமை விதைத்து யூரியாவை மட்டும் கொட்டினால் பயிர் கருகருவென்று வளரும். அப்புறம் கதிர் பிடித்த நேரத்தில் ஒரு காற்றுமழைக்கு அப்படியே சாய்ந்துவிடும். சாய்ந்த சாமையை அறுக்கும் பாடு உங்களுக்கே தெரியும். யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து (நைட்ரஜன்), சாம்பல் சத்து துளியும் கிடையாது. அங்கே தொழுவுரமும் கொஞ்சம் பொட்டாஷும்தான் முதலில் போக வேண்டும்.

கொள்ளோ மொச்சையோ வைத்திருந்தால், அவற்றின் வேர் முடிச்சு காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துக் கொடுப்பதால், யூரியாவைக் குறைக்கலாம். ஆனால் செடியை வேரோடு பிடுங்கியிருந்தால் அந்தப் பலன் பெரும்பாலும் போய்விடும். காயில் சேர்ந்த சத்து வீட்டுக்கு வந்துவிடுகிறது. வேரும் உதிர்ந்த இலையும்தான் காட்டுக்கு மிச்சம். அதனால் அடியில் அறுத்து எடுங்கள். பூக்கும் சமயத்தில் ஒரு செடியை மட்டும் தோண்டி, வேர் முடிச்சை நசுக்கிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் முடிச்சு வேலை செய்கிறது.

வேளாண்மைப் பல்கலைக்கழகம் சாமைக்குச் சொல்லும் அளவு ஹெக்டேருக்கு 44 கிலோ தழைச்சத்து, 22 கிலோ மணிச்சத்து (பாஸ்பரஸ்). ஏக்கருக்குக் கணக்குப் போட்டால் டிஏபி (மணிச்சத்தும் தழைச்சத்தும் உள்ள உரம்) 20 கிலோ, யூரியா ஏறக்குறைய 30 கிலோ. ஒரு 45 கிலோ மூட்டை முழுசாகக்கூட வேண்டியதில்லை. டிஏபியைக் காடெங்கும் வீசாமல் விதை வரிசையை ஒட்டிப் போடுங்கள். புளிப்பு ஏறிய செம்மண் மணிச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பயிருக்குக் கொஞ்சம்தான் கிடைக்கும்.

கொள்ளு விதைப்பவர்களுக்கு ரைசோபியம் (வேர் முடிச்சை உண்டாக்கும் நுண்ணுயிர்) பொட்டலம் வந்திருக்கிறது. ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து விதையில் பூசி, நிழலில் உலர்த்தி அன்றே விதைத்துவிடுங்கள். உரத்தோடு மட்டும் கலக்க வேண்டாம், நுண்ணுயிர் செத்துவிடும்.

அன்புடன்,
உங்கள் உரக்கடை, கொல்லிமலை அடிவாரம்