மீசையை எண்ணிவிட்டு எழுது

அன்புள்ள சேகர்,

உன் கடிதமும் மூன்று படங்களும் வந்து நாற்பது நாளாகிறது. பதில் போடாதது தப்புதான், மன்னித்துவிடு. அப்பாவின் முழங்கால் இப்போது எப்படி இருக்கிறது? சுமதிக்கு வேலை நிரந்தரமானதில் ரொம்ப சந்தோஷம் என்று சொல். மற்ற சங்கதியெல்லாம் அப்புறம். இன்றைக்கு நீ வாங்கிய கெளுத்தி மீனைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். "இது நைக்ரிவென்ட்ரிஸ்தான், சந்தேகமே இல்லை" என்று ஆப்பிரிக்கத் தலைகீழ்க் கெளுத்தி ஒன்றின் இனப்பெயரை எழுதியிருக்கிறாயே, அந்த வரியைப் படித்ததிலிருந்து கை துறுதுறுக்கிறது.

விற்றவர் சொன்ன பெயர், தலைகீழாய் நீந்துகிறது, உடம்பில் புள்ளி இருக்கிறது. நீ சொல்லும் ஆதாரம் இந்த மூன்றும்தான். மூன்றுமே போதாது. கடைப்பெயர் ஒரு மீனுக்கு உரியதே இல்லை, அதே பெயரில் நாலைந்து இனம் கைமாறும். தலைகீழ் நீச்சலும் நைக்ரிவென்ட்ரிஸுக்கு மட்டும் சொந்தமில்லை. எகிப்தின் பழங்காலக் கல்லறைச் சுவர்களில் மல்லாந்து நீந்தும் கெளுத்தியைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். அது நைல் நதி மீன். நைக்ரிவென்ட்ரிஸ் வாழ்வதோ காங்கோ ஆற்றுப் படுகையில். நைக்ரிவென்ட்ரிஸ் அடங்கிய சினோடான்டிஸ் பேரினத்தில் நூறுக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. அவற்றில் பல, ஒரு வேரின் அடிப்பக்கத்தையோ பாறைக் குடைவின் கூரையையோ கண்டால் வயிற்றை மேலே திருப்பிக்கொள்ளும்.

புள்ளியை நம்பவே நம்பாதே. இரவில் ஒரு நிறம், பகலில் ஒரு நிறம், பயந்தால் வேறு நிறம், வெள்ளை மணலில் கால்மணி நேரம் கிடந்தால் இன்னொரு நிறம். குட்டியில் இருக்கும் கோலம் பெரிதானதும் அழிந்துபோகும். எண்ண முடிவதை எண்ணு, அளக்க முடிவதை அள. நிறத்தைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் மீசை. கெளுத்திக்கு மீசை முளைக்கும் இடம் நான்கு: மூக்குத் துவாரத்தின் ஓரம், மேல்தாடையின் மூலை, தாடைக்குக் கீழே உள்பக்கம் ஒரு ஜோடி, வெளிப்பக்கம் ஒரு ஜோடி. எந்த ஜோடி இருக்கிறது, எது இல்லை என்று பார்த்தாலே பாதிக் குடும்பங்கள் கழிந்துவிடும். மிஸ்டஸ் மாதிரியான கெளிறுகளுக்கு நான்கு ஜோடியும் இருக்கும். தென்னமெரிக்கப் பிமெலோடஸ் தூரத்தில் பார்க்க அச்சு அசல் அதே போலத் தெரியும், ஆனால் மூக்கோர மீசை கிடையாது. அந்த ஒரு ஜோடியைத் தேடாமல் விட்டால் கண்டமே மாறிப்போகிறது.

உன் இரண்டாவது படம் மங்கல்தான், ஆனாலும் அதில் ஒன்று நன்றாகத் தெரிகிறது. மேல்தாடை மீசை ஒற்றை நூலாக நீண்டு போகிறது. கீழே உள்ள மீசைகள் அப்படி இல்லை. வெளிப்புற மீசையில் பக்கத்துக்குப் பக்கம் சின்னச் சின்னக் கிளைகள், இலையை உருவிப்போட்ட கீரைக் காம்பு மாதிரி. உள்பக்க மீசையில் கிளைகள் இன்னும் குட்டையாய், நெருக்கமாய், குஞ்சம் போல. மூக்கோரத்தில் ஒன்றும் இல்லை. முள்கெளுத்திக் குடும்பமான டோராடிடேயிலும் கிளைத்த மீசைக்காரர்கள் சிலர் உண்டு, ஆனால் அவற்றின் விலாவில் வரிசையாக முள்ளுள்ள எலும்புத் தகடுகள் ஓடும். உன் மீனின் விலா வழவழவென்று இருக்கிறது. ஆகவே மோகோகிடே குடும்பம், சினோடான்டிஸ் பேரினம். இதுவரை நீ சொன்னது சரி.

மற்ற மீன்களுக்கும் உதவும் என்பதால் இதையும் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். விலாவில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு வரிசைத் தகடு இருந்தால் கோரிடோரஸ் குடும்பம். உடம்பெல்லாம் தகடும் அடியில் உறிஞ்சு வாயும் இருந்தால் சக்கர் குடும்பம். அதில் முதுகுத் துடுப்பின் கதிர்களை எண்ணிவிடு: முள்ளை விட்டுவிட்டு ஏழு என்றால் ஹைபோஸ்டோமஸ், அன்சிஸ்ட்ரஸ் பக்கம், பத்து அல்லது அதற்கு மேல் என்றால் டெரிகோப்லிக்திஸ், பிற்பாடு முழங்கை நீளம் வளரக்கூடியது. கடைசிக் கதிர் அடியில் சேர்ந்து மேலே இரண்டாகப் பிரிந்திருக்கும், அதை ஒன்றாகத்தான் எண்ண வேண்டும். அங்கேதான் எல்லோரும் தவறுகிறார்கள். முதுகுத் துடுப்பு தலைக்குப் பின்னால் தொடங்கி வால்வரை ஓடினால் கிளாரியஸ். சின்ன முதுகுத் துடுப்பு, நீண்ட குதத் துடுப்பு, தட்டைத் தலை, நான்கு ஜோடி மீசை எல்லாம் சேர்ந்திருந்தால் அது தேளி. அதன் மார்பு முள்ளில் விஷம் உண்டு, தொட்டிக்குள் வெறுங்கையை விடாதே.

உன் மீனுக்கு வருகிறேன். கதிர் எண்ணுவது இங்கே உதவாது, சினோடான்டிஸ்களில் முதுகு முள்ளுக்கு அடுத்து பெரும்பாலும் ஏழுதான். பார்க்க வேண்டியவை வேறு. செவுளுக்குப் பின்னால், மார்பு முள்ளுக்கு மேலே, தோள்பட்டை எலும்பிலிருந்து முக்கோணமாக ஒரு முனை பின்னோக்கி நீண்டிருக்கும், தோள்முனை எலும்பு. அதன் நுனி கூரா மழுங்கலா, மேல்விளிம்பு நேரா வளைவா, பரப்பு சொரசொரப்பா வழவழப்பா என்று பார். இனத்துக்கு இனம் மாறும் உறுப்பு அது, பயத்தால் நிறம் மாறுவது போல மாறவே மாறாது. அடுத்தது மேல்தாடை மீசை: அடியில் தோல் மடிப்பு ஒட்டியிருக்கிறதா? பின்னுக்கு இழுத்துப் பிடித்தால் தலையைத் தாண்டுகிறதா? கீழ்மீசையில் கிளைகள் எத்தனை? கண்ணின் விட்டம் தலை நீளத்தில் எத்தனையில் ஒரு பங்கு?

நான் சந்தேகப்படுவது அதே பேரினத்தின் இன்னொரு இனமான யூப்டெரஸை. அதன் குட்டிக்குப் பட்டையும் வலைப்பின்னலுமாகக் கோலம் இருக்கும். ஐந்தாறு செ.மீ. அளவில் நைக்ரிவென்ட்ரிஸ் என்று சொல்லிக் கொடுத்தால் யாரும் வாங்கிவிடுவார்கள். நைக்ரிவென்ட்ரிஸ் 10 செ.மீ. அளவில் நின்றுவிடும். யூப்டெரஸ் அதைப்போல இரண்டு மடங்கையும் தாண்டும், முதுகுத் துடுப்பின் கதிர்கள் நூலிழைகளாக நீண்டு இறகு போல நிற்கும். குட்டியில் அந்த இழைகள் இருக்காது என்பதுதான் சிக்கல். வயிற்றைப் பார். நைக்ரிவென்ட்ரிஸ் என்ற பெயருக்கே கருவயிறு என்று அர்த்தம். மல்லாந்து வாழும் மீனாதலால் வயிறு முதுகைவிடக் கறுத்திருக்கும். உன் முதல் படத்தில் வயிறு வெளிறிக் கிடக்கிறது. எனக்கு உறுத்துவது அதுதான். ஆனால் நிறத்தை நம்பாதே என்று சொன்ன நானே வயிற்று நிறத்தை வைத்து முடிவு கட்ட மாட்டேன்.

சேகர், இன்னொரு சாத்தியமும் இருக்கிறது, நினைத்தாலே வருத்தமாக இருக்கிறது. பண்ணைகளில் ஊசி போட்டு முட்டையிட வைத்து, இரண்டு சினோடான்டிஸ் இனங்களைக் கலந்து உருவாக்கிய குட்டிகளும் விற்பனைக்கு வருகின்றன. அப்படிப்பட்டதற்கு மீசை ஒரு இனத்தையும் எலும்பு இன்னொரு இனத்தையும் காட்டும், கோலம் எதனோடும் பொருந்தாது. எவ்வளவு மல்லுக்கட்டினாலும் ஒரு பெயருக்குள் அடங்காது. அப்படியென்றால் "சினோடான்டிஸ், கலப்பு" என்று எழுதி வை. அது தோல்வி இல்லை. பொருந்தாத மீனின் தலையில் ஒரு இனப்பெயரைக் கட்டி, அதை இன்னொருவருக்குக் கொடுத்து, அவர் அதை வைத்துக் குட்டி எடுத்தால் தப்பு எங்கே போய் நிற்கும் என்று யோசித்துப் பார்.

இனி படம். வலை போட்டுப் பிடிக்கப்போவதாக எழுதியிருக்கிறாய், தயவுசெய்து வேண்டாம். மார்பு முள்ளின் ஓரத்தில் ரம்பப் பல் இருக்கிறது, பயந்தால் மீன் அதை விரித்துப் பூட்டிக்கொள்ளும். வலைக்கண்ணில் மாட்டினால் இழுக்க இழுக்க இறுகும், முள்ளே முறியும். ஏற்கெனவே மாட்டிவிட்டதென்றால் மீனை இழுக்காதே, வலையைக் கத்தரித்துவிடு. ஒளிபுகும் பிளாஸ்டிக் டப்பாவை நீருக்குள் சாய்த்து, மெதுவாக ஓட்டி உள்ளே விடு. தூக்கும்போது கிர்ர் கிர்ர் என்று சத்தம் வரும், பதறாதே, முள்ளின் அடிமூட்டைக் குழிக்குள் உரசி எழுப்பும் சத்தம் அது.

20 செ.மீ. நீளம், 10 உயரம், 4 அல்லது 5 அகலத்தில் ஒரு சின்னக் கண்ணாடிப் பெட்டி போதும். அதே தொட்டித் தண்ணீரை ஊற்று, குழாய்த் தண்ணீர் வேண்டாம். பின்னால் வெளிர்ச் சாம்பல் அட்டை. வெளிச்சம் மேலிருந்து சாய்வாக விழட்டும், நேராக அடித்தால் கண்ணாடி பளபளத்துத் தலைக்கவசம் மறைந்துவிடும். போனை மீனருகே கொண்டுபோகாதே, கிட்டத்தில் மூக்கு பெருத்து வால் சிறுத்து விழும். ஓர் அடி இரண்டடி தள்ளி நின்று ஜூம் செய், லென்ஸ் கண்ணாடிக்குச் செங்கோணத்தில் இருக்க வேண்டும். எனக்கு வேண்டிய படங்கள்: துடுப்புகள் விரிந்த பக்கவாட்டு முழுப்படம், மேலிருந்து தலை, அடியிலிருந்து வாயும் மீசையும், தோள்முனை எலும்பு மட்டும் நெருக்கமாக. ஐந்து நிமிடத்துக்கு மேல் வைக்காதே. அடிப்பக்கப் படத்துக்கு இவ்வளவு பாடுகூட வேண்டாம், உன் மீன்தான் மல்லாந்து நீந்துகிறதே, தொட்டியிலேயே மேலிருந்து எடுத்துவிடலாம்.

அளவுகோல் வைக்க மறந்தாலும் பரவாயில்லை, எனக்கு விகிதம்தான் முக்கியம். மூக்கு நுனியிலிருந்து வால்துடுப்பு தொடங்கும் இடம்வரை உடல் நீளம், வாலைச் சேர்க்காதே. வால் கிழியும், வளரும், கணக்கு கெடும். மீன் வளைந்திருக்கும் படத்தில் அளந்தால் எல்லா எண்ணும் பொய்.

ஒருவேளை மீன் இறந்துபோனால், தூக்கி எறிந்துவிடாதே. முதலில் ஒரு துடுப்பில் சின்னத் துண்டு வெட்டி 95 சதவீத எத்தனாலில் போடு. அதற்கு அப்புறம்தான் உடலை ஃபார்மலினில் போட வேண்டும், கடையில் கிடைப்பது ஒரு பங்குக்குத் தண்ணீர் ஒன்பது பங்கு, கையுறை போட்டு, காற்றோட்டமான இடத்தில். வரிசை மாறினால் மரபணுச் சோதனைக்கு உதவாது. அந்தச் சோதனையும் கலப்பு மீனில் பாதி உண்மைதான் சொல்லும். வழக்கமாகப் படிக்கும் சிஓஐ மரபணு தாய்வழி மட்டுமே வருவது, ஆகவே தாயின் இனப்பெயரைக் கொடுத்துவிட்டுத் தகப்பனைப் பற்றி வாயே திறக்காது.

கோரிடோரஸ் லேபிளை மாற்றவா என்று கேட்டிருந்தாய். 2024இல் அந்தப் பேரினத்தைப் பிரித்துவிட்டார்கள். உன் பாண்டாக் கோரி இப்போது ஹோப்லிசோமா பாண்டா, வெண்கலக் கோரி ஆஸ்டியோகாஸ்டர் ஈனியா. பழைய பெயரை அடிக்காமல், பக்கத்தில் புதுப்பெயரையும் ஆண்டையும் எழுதிவிடு.

கடைசியாக ஒன்று. அது யூப்டெரஸ் என்றே தெரிந்தால், அந்தச் சின்ன டெட்ராக்களோடு விட்டுவைக்காதே. வாய்க்குள் அடங்குவது இரவில் உள்ளே போகும். பெரிதாகி இடம் போதவில்லை என்றால் எனக்கு எழுது, வேறு தொட்டி பார்ப்போம். ஆற்றிலோ குளத்திலோ மட்டும் விட்டுவிடாதே. முரளிக்கும் இதைச் சொல், அவன் தன் சக்கர் மீனைப் பற்றி வேறு மாதிரிப் பேசிக்கொண்டிருக்கிறான் என்று கேள்வி.

படம் வருவதற்கு முன்பே கீழ்மீசைக் கிளைகளை எண்ணி ஒரு வரி போடு. வெளி ஜோடி எத்தனை, உள் ஜோடி எத்தனை, இடது வலது தனித்தனியாக.

அன்புடன்,
குமரன்