பிரம்பைக் கேட்கும் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோருக்கு வணக்கம்.

திருப்பூர், பல்லடம், அவிநாசி வட்டாரத்து நடுநிலைப் பள்ளிகளில் குழு கூடினாலே இப்போது ஒரே பேச்சுதான். பிள்ளைகளுக்குப் பயம் விட்டுப்போய்விட்டது, பிரம்பை எடுத்தால்தான் சரிப்படும் என்கிறீர்கள். "கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள், டீச்சர்" என்று சொல்லித்தான் பிள்ளையை ஆறாம் வகுப்பில் ஒப்படைக்கிறீர்கள். அதைத் தீர்மானமாகவே போட்டுவிடலாம் என்று சிலர் பேசுவதால் இதை எழுதுகிறேன்.

அப்படித் தீர்மானம் போட முடியாது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17-ஆம் பிரிவில், அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் தடுக்கிறது. டி.சி.யைக் கிழித்துக் கையில் கொடுக்கவும் வழியில்லை. எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் நீக்கக்கூடாது என்கிறது 16-ஆம் பிரிவு. உங்கள் குழுவே அதே சட்டத்தின் 21-ஆம் பிரிவில் பிறந்ததுதான். சட்டத்தைக் காட்டி நழுவுகிறேன் என்று நினைக்க வேண்டாம். சட்டம் இல்லாவிட்டாலும் பிரம்பு இதற்கு உதவாது என்பதுதான் என் கட்சி.

ஏழாம் வகுப்பு, தமிழ்ப் பாடம், மதியச் சாப்பாட்டுக்குப் பிந்திய பாடவேளை. ஆளுக்கு ஒரு பத்தி வாசித்து வருகிறார்கள். மூன்றாவது பெஞ்சில் ஒருவன். முதல் பெஞ்சு வாசிக்கும்வரை கல்லுப்பிள்ளையார் போல உட்கார்ந்திருப்பான். தனக்கு முன்னால் இரண்டு பேர்தான் மீதி என்றதும் அவனுடைய பேனா மூடி தரையில் உருளும். பிறகு முன்னால் இருப்பவனின் காலருக்குள் காகிதத்தைத் திணிப்பான். அவன் முறை வந்து எழுந்திரு என்றால், நீங்களே படித்துக்கொள்ளுங்கள் என்பான். வகுப்பு சிரிக்கும். எந்த ஆசிரியருக்கும் காது சிவக்கும் இடம் அது. "வெளியே போ" என்ற சொல் வாயில் வந்து நிற்கும். அதற்காகத்தான் அவனும் காத்திருக்கிறான்.

அவனுக்கு எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். நீளமான சொல் வந்தால் பாதியில் நின்றுவிடுவான். வகுப்பே கேட்கத் திணறுவதைவிட ரௌடி என்று பெயர் வாங்குவது அவனுக்கு எவ்வளவோ மேல். பிரம்படி பட்டாலும் கணக்கு அதேதான்; கை வலிக்கும், மானம் தப்பும்.

ஆகவே அவன் வாசிக்க வேண்டிய நான்கு வரியை முந்தின நாளே தனியாகக் கொடுத்துவிடுகிறேன். வாசிப்பதும் இப்போது பெஞ்சு வரிசைப்படி இல்லை. வாய்க்கு வாய் பேசினால் வகுப்பில் வைத்துச் சண்டை பிடிப்பதில்லை. மணி அடித்தபின் வராந்தாவில் பேச்சு. வேடிக்கை பார்க்க ஆள் இல்லாவிட்டால் பன்னிரண்டு வயதுத் திமிர் பாதி இறங்கிவிடும்.

எல்லாச் சேட்டைக்கும் இது மருந்தல்ல. பெண்பிள்ளைகளைக் கேவலமாகப் பேசுகிறவனையும், சின்னவர்களை மிரட்டிக் காசு பிடுங்குகிறவனையும் நான் தட்டிக்கொடுக்க மாட்டேன். பிடுங்கியதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், பேசியதற்குப் பொறுப்பேற்க வேண்டும், வீட்டிலிருந்து ஒருவர் வந்தாக வேண்டும்.

வருவதில்தான் சிக்கல். பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் பார்க்கிற அம்மா காலை எட்டரைக்குப் போய் இரவு எட்டரைக்குத் திரும்புகிறார். அப்பா தறிக்குடோனில் இரவு ஷிப்ட். பள்ளி விட்டதிலிருந்து அம்மா வரும்வரை பிள்ளைக்குச் செல்போன்தான் துணை. நான் அழைத்தால் செக்கிங் மேசையிலிருந்து எடுத்து, பின்னால் மெஷின்கள் இரைய, சம்பளம் பிடித்துவிடுவார்கள் டீச்சர் என்கிறார். அவர் மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. வேலை நாள் பிற்பகலில் கூட்டத்தை வைத்துவிட்டு, பெற்றோருக்கு அக்கறை இல்லை என்று குறிப்பு எழுதும்போதுதான் வருகிறது.

மரியாதை பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். குழந்தையைக்கூட வாங்க, போங்க என்று அழைக்கும் சீமை என்று நமக்குப் பெருமை. 2018-இல் அவிநாசி அருகே திருமலைக்கவுண்டம்பாளையம் அரசுப் பள்ளியில் சத்துணவு சமைக்க வந்த அருந்ததியர் பெண்ணை, சமைக்கக்கூடாது என்று தடுத்தவர்கள் பிள்ளைகள் இல்லை, ஊரில் பெரியவர்கள். கழிவறை கழுவ வரும் அறுபது வயது அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் பையன், எனக்கு மட்டும் எழுந்து நின்று வணக்கம் சொன்னால் அந்த வணக்கம் எனக்கு வேண்டாம். யாரைப் பார்த்து எழ வேண்டும், யாரைப் பார்த்து எழ வேண்டாம் என்று அவனுக்கு நான் சொல்லித்தரவில்லை.

பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பது உங்கள் குழுவின் பொறுப்பு. பிரம்புத் தீர்மானத்தை விட்டுவிட்டு, எழுத்துக்கூட்டி வாசிக்கும் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தினமும் ஒரு பாடவேளையும் அதற்கென ஓர் ஆளும் வேண்டும் என்று அதில் எழுதிக் கேளுங்கள். கூட்டத்தை ஞாயிறு காலைக்கு மாற்றக் கேளுங்கள், நான் வருகிறேன். உங்களில் சூப்பர்வைசர்களும் சொந்தமாகச் சிறு யூனிட் நடத்துகிறவர்களும் இருக்கிறீர்கள். டீச்சர் அழைத்தார் என்று ஓர் அம்மா வந்து நின்றால், கூலியைப் பிடிக்காமல் ஒரு மணி நேரம் அனுப்பி வையுங்கள்.

இப்படிக்கு,
ஏழாம் வகுப்பு ஆசிரியை ஒருவர்,
பல்லடம் வட்டாரம்