கண்வலிக் கிழங்கு குறித்து எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புடைய வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

அமுக்கரா (அசுவகந்தா) கேட்டவருக்கு நம் நாட்டு மருந்துக் கடையில் கண்வலிக் கிழங்கு என்ற விஷக் கிழங்கைக் கொடுத்துவிட்டார்கள் என்றொரு செய்தி, பத்து நாள்களாகக் கும்பகோணத்திலிருந்து திருவாரூர் வரை வாட்ஸ்அப்பில் சுற்றுவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பாட்டனார் காலத்திலிருந்து வந்து போகும் உங்களுக்கு விளக்கம் எதற்கு என்றுதான் இருந்தேன். ஆனால் நேற்று ஓர் அம்மாள் சுக்குப் பொட்டலத்தை இரண்டு முறை முகர்ந்து பார்த்துவிட்டு, வாங்காமல் வைத்துவிட்டுப் போனார்.

கண்வலிக் கிழங்கு என்பது, வேதாரண்யம் பக்கத்துப் புதர்களில் படர்ந்து, நம் மாநில மலராகவும் விளங்கும் செங்காந்தளின் கிழங்கு. இரு விரல்களை விரித்தாற்போல் கவைத்து வளைந்திருப்பதால்தான் அதைக் கலப்பைக் கிழங்கு என்கிறோம். அமுக்கராவோ நேராக ஓடும் குச்சி வேர். முறித்தால் உள்ளே மாவாக வெளுத்திருக்கும், வாடை குதிரை லாயத்தை நினைவூட்டும். இவ்விரண்டையும் மாற்றிக் கொடுக்க வேண்டுமானால் கடைக்காரனுக்குக் கண்ணும் மூக்கும் ஒருசேரக் கெட்டிருக்க வேண்டும். அரைத்த பொடி வேறு விஷயம் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

காசுக்காக விஷம் விற்கிறோம் என்ற பழிதான் பொறுக்கவில்லை. இக்கிழங்கு மருந்துமாகும், உப்பிட்ட மோரில் இரவில் ஊறவைத்துப் பகலில் உலர்த்துவதைப் பல நாள் செய்து நச்சைக் குறைத்த, அதாவது சுத்தி பண்ணிய பிறகே வைத்தியர்கள் கையாள்வார்கள். இதிலுள்ள கோல்சிசின் என்ற சத்தை, யூரிக் அமிலத்தால் வரும் மூட்டுவாதத்துக்கு ஆங்கில மருத்துவர்களும் அரை மில்லிகிராம் மாத்திரையாகத் தருகிறார்கள். அளவு அவ்வளவு சிறியது. மிஞ்சினால் சில மணி நேரத்தில் வாந்தியும் பேதியும் தொடங்கும்; அவை தணிந்ததும் தேறிவிட்டதாக நினைத்துவிடக் கூடாது, சிறுநீரகமும் இரத்த அணுக்களும் பாதிக்கப்படுவது அதன் பிறகுதான். பிழைத்தவர்களுக்கும் ஓரிரு வாரத்தில் தலைமுடி கொட்டுவதுண்டு. கொதிக்கவைத்தால் நஞ்சு போய்விடும் என்று நம்ப வேண்டாம். மருந்துகள் விதிகள் 1945-இன் இ(1) பட்டியலிலும் சித்த மருத்துவ நச்சுப் பொருள்களில் எட்டி, சேராங்கொட்டை, நேர்வாளத்தோடு இதுவும் இருக்கிறது. பிரசவ வலி எடுக்கப் பூசுவதற்கென்று கேட்டு வந்த எவருக்கும் என் தகப்பனார் இதைக் கொடுத்ததில்லை, நானும் கொடுத்ததில்லை.

சம்பந்தப்பட்ட அன்பர் நலமாக வீடு திரும்பிவிட்டார். நேரில் சென்று வருத்தம் தெரிவித்து வந்தேன். முப்பது ஆண்டுகளாகக் கடையின் மருந்துப் பெட்டிகளைப் பார்த்துக்கொண்ட பெரியவர் ஆடியில் ஓய்வு பெற்றார்; அதன் பின் கடையில் கட்டிய பொடிப் பொட்டலங்கள் சிலவற்றில் பெயர்ச்சீட்டு விடுபட்டிருக்கலாம்; அவற்றை உட்கொள்ளாமல் திருப்பித் தந்தால் முழுப் பணமும் தரப்படும். இனிக் கண்வலிக் கிழங்கு, பதிவு பெற்ற சித்த மருத்துவரின் சீட்டுக்கு மட்டுமே, அதுவும் அரைக்காமல் முழுக் கிழங்காகவே கிடைக்கும்.

செய்தி பரவிய மறுநாள் காலையிலேயே வந்து, எதுவும் கேட்காமல் வழக்கம்போல் திரிகடுகமும் கடுக்காயும் வாங்கிச் சென்ற உங்களில் பலருக்கு அன்று நன்றி சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இப்போது சொல்லிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கடை உரிமையாளர்,
கும்பகோணம்.