வேலூர்க் கோட்டைக்குப் பிள்ளைகளைக் கூட்டிவரும் வரலாற்று ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களே, வணக்கம்.

பேருந்திலிருந்து இறங்கும் பிள்ளைகள் நேர்ச்சாலை வழியாகச் சில நிமிடங்களில் கோட்டைக்குள் போய்விடுகிறார்கள். 1806-இல் அப்படி நுழைய முடியாது. அகழியின் மேல் தூக்குப்பாலம், அதைத் தாண்டினால் வளைந்து போகும் ஒரே வழி, அந்த வழியில் ஒன்றன்பின் ஒன்றாக நான்கு கதவுகள். இன்றைய நேர்ச்சாலை பிற்காலத் தேவைக்காக உண்டாக்கியது. 1806 ஜூலை 10 அன்று கிழக்கிந்தியக் கம்பெனிக்கு எதிராக எழுந்த அதன் இந்தியச் சிப்பாய்கள் வென்றதும் தோற்றதும் பெரிதும் அந்தப் பழைய வாயிலைப் பொறுத்தே அமைந்தன. ஆகவே பாடத்தை உள்ளே போய்த் தொடங்காமல் அகழிக்கு வெளியே நின்று தொடங்குங்கள். இதைக் கேட்கத்தான் எழுதுகிறோம்.

பெரும்பாலும் சொல்லப்படும் கதை தலைப்பாகையில் தொடங்கி, ஆர்க்காட்டிலிருந்து ஆங்கிலேயத் தளபதி கில்லஸ்பி வந்து அடக்கியதில் முடிகிறது. அதில் பொய் இல்லை. நெற்றிக்குறி கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தோல் பதித்த புதுத் தலைப்பாகை கட்ட வேண்டும் என்ற ஆணைகள்தான் நெருப்பை மூட்டின. மே மாதத்தில் அதை மறுத்தவர்களில் இருவருக்கு ஆளுக்கு 900 கசையடி விதித்தார்கள். ஆனால் கொழுப்புத் தடவிய தோட்டாவை மட்டும் இங்கே கொண்டுவராதீர்கள். அது 1857-க்கு உரியது. வேலூரில் தோட்டாவைப் பற்றி எந்தப் பூசலும் எழவில்லை.

எஞ்சிய நேரத்தை, அதிகாலை இரண்டு மணி முதல் காலை பத்து மணிவரை நடந்த அந்த எட்டு மணி நேரத்துக்குக் கொடுங்கள். கோட்டைக்குள் 69-ஆம் படைப்பிரிவின் நான்கு கம்பெனி வெள்ளைச் சிப்பாய்கள், ஏறக்குறைய 370 பேர். இந்தியச் சிப்பாய்கள் சுமார் 1,500 பேர். இவர்களில் பலர் வழக்கமாக வெளியே குடும்பத்தோடு குடிசைகளில் தங்குவார்கள். மறுநாள் விடியலில் அணிவகுப்பு என்பதால் அன்றிரவு உள்ளேயே படுத்திருந்தார்கள். காவல் மாற்றமும் பெரும்பாலும் அவர்கள் கையில். அதிகாலை இரண்டு மணிவாக்கில் காவல் முனைகளையும் வெடிமருந்துக் கிடங்கையும் பிடித்தார்கள். படைவீட்டின் கதவு, சன்னல்கள் வழியாகத் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் சுட்டார்கள். சத்தம் கேட்டு வீட்டை விட்டு வெளியே வந்த அதிகாரிகளை வாசலிலேயே வீழ்த்தினார்கள். தளபதி ஃபேன்கோர்ட் அப்படித்தான் மாண்டார். திட்டம் எவ்வளவு கச்சிதம் என்பதைப் பிள்ளைகள் இந்த இடத்தில் உணர வேண்டும்.

அடுத்து நடந்த பிழைதான் எங்கள் பார்வையில் முதன்மையானது. படைவீட்டுக்குள் பாய்ந்து முடிக்காமல், வெளியே நின்றபடியே சுட்டுக்கொண்டிருந்தார்கள். அக்கால மஸ்கட்டில் ஒவ்வொரு குண்டுக்கும் காகிதத் தோட்டாவைப் பல்லால் கிழிக்க வேண்டும். கொஞ்சம் மருந்தைக் கிண்ணியில் இட்டு, மீதியைக் குழாயில் கொட்டி, குண்டைப் போட்டு, கம்பியால் இடிக்க வேண்டும். பழகிய கை நிமிடத்துக்கு மூன்று முறை சுடும். கட்டிலுக்கும் சுவருக்கும் பின்னால் பதுங்கியவனை இருட்டில் அது எட்டாது. இரண்டு பீரங்கிகளைக் கொண்டுவந்து நிறுத்திய பிறகும், உள்ளே பிழைத்திருந்த வெள்ளையரில் ஒரு கூட்டம் வெளியேறி மதில் ஏறிவிட்டது. வழியில் கிடங்கில் அவர்கள் தேடியது குண்டு. கிடைத்ததோ வெறும் மருந்து. இருந்தும் வாயிலுக்கு மேலுள்ள மதிலைப் பிடித்துக்கொண்டார்கள். கதவு சிப்பாய்களிடம், கதவின் தலைமேல் எதிரி.

நண்பகல்வரை தாங்கக்கூடியது ஒரு கோட்டை. ஆனால் ஆர்க்காட்டுச் சாலையில் ஒரு காவல்கூட வைக்கவில்லை. கோட்டைக்கு வெளியே இருந்த மேஜர் கோட்ஸ் ஆளனுப்ப, குதிரைப்படை இருந்த ஆர்க்காட்டுக்குத் தடையில்லாமல் செய்தி போய்ச் சேர்ந்தது. தொலைவு ஏறக்குறைய 25 கிலோமீட்டர். குதிரை வீரர்களோடு கில்லஸ்பி ஒன்பது மணிவாக்கில் வந்தபோது பாலம் தூக்கப்படவில்லை. வெளிக்கதவுகள் இரண்டும் திறந்தே கிடந்தன. மூன்றாவதை மேலிருந்து கயிற்றில் இறங்கிய வெள்ளைச் சிப்பாய்கள் திறந்தார்கள். நான்காவது மட்டும் தடுத்தது. கில்லஸ்பியைக் கயிறு விட்டு மதில்மேல் தூக்கினார்கள். குதிரைகள் இழுத்துவந்த சிறு பீரங்கிகள் பின்தங்கிப் பத்து மணிவாக்கில்தான் சேர்ந்தன. அவற்றைக் கொண்டு நான்காவது கதவைத் தகர்த்ததும் குதிரைப்படை உள்ளே புகுந்தது. அதன்பின் போர் சில நிமிடம்தான்.

பாலத்தைத் தூக்கிவிட்டு முதல் கதவை அடைத்திருந்தால் அந்தச் சிறு பீரங்கிகள் அகழிக்கு அப்பாலேயே நின்றிருக்கும். அந்த நேரத்தில் பலர் சம்பளக் கருவூலத்தைக் கொள்ளையிடுவதில் இருந்தார்கள். கிடைத்ததோடு திட்டிவாசல் வழியாக வீட்டுக்குப் போனவர்களும் உண்டு. கொடிமரத்தில் மைசூர்க் கொடி ஏறியது. கோட்டைக்குள் அரண்மனையில் காவலில் வைக்கப்பட்டிருந்த திப்பு சுல்தானின் பிள்ளைகளோ அதை விட்டு வந்து தலைமை ஏற்கவில்லை. "யார் சொல்லைக் கேட்பது" என்று விடிந்தபின் ஒருவருக்கும் தெரியவில்லை. இதைப் பேராசை என்று ஒரே சொல்லில் முடித்துவிடாதீர்கள். கட்டளையிட ஆளில்லாத படை எதுவானாலும் இரண்டாம் மணி நேரத்தில் இப்படித்தான் கலையும். ஜூன் மாதமே முஸ்தபா பெய்க் என்ற சிப்பாய் காட்டிக்கொடுத்தான் என்பதையும் சொல்லுங்கள். ஆனால் தோல்விக்குக் காரணம் அதுவல்ல, ஏனென்றால் அதிகாரிகள் அவனை நம்பாமல் விலங்கிட்டுவிட்டார்கள். துரோகக் கதை நம் மேடைகளில் எளிதாக எடுபடும். வேலூருக்கு அது பொருந்தாது.

வெள்ளையரில் அதிகாரிகள் 14 பேரும் 69-ஆம் பிரிவினர் நூற்றுக்கு மேற்பட்டோரும் இறந்தார்கள். சிப்பாய்களில் இறந்தவர்கள் 350-க்கும் மேல். அரண்மனையில் ஒளிந்திருந்த ஏறக்குறைய நூறு பேரை வெளியே இழுத்து, பந்தாட்டக் களத்தின் சுவரோரம் வரிசையாக நிறுத்திச் சுட்டார்கள். விசாரணை எதுவும் இல்லை. செப்டம்பரில் விசாரித்துத் தண்டித்தபோது ஆறு பேரைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார்கள், எட்டுப் பேரைத் தூக்கிலிட்டார்கள். இந்தப் பகுதியை வயது பார்த்துச் சொல்லுங்கள், ஆனால் விட்டுவிடாதீர்கள்.

நடைமுறைக்கு ஒன்று. வெயில் ஏறுமுன் வாருங்கள். அகழியோரம் பிள்ளைகளை நிறுத்தி, "உங்களிடம் 1,500 பேர், ஒரு பாலம், நான்கு கதவு, ஏழு மணி நேரம். முதலில் எங்கே யாரை நிறுத்துவீர்கள்?" என்று கேளுங்கள். அவர்கள் விடை சொல்லி முடித்த பிறகு உள்ளே போங்கள். மக்கான் பகுதியிலுள்ள நினைவுத்தூணைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.