கோடாலித் தைலமும் ஒரு தட்டுச் சோறும்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. சிங்கப்பூரிலிருந்து நல்லபடியாக வந்து சேர்ந்தேன். திருச்சிக்கு அக்காவும் மாப்பிள்ளையும் வந்திருந்தார்கள். போனில் பேசினால் நீ "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். வேளாவேளைக்குச் சாப்பிடு.

சைனா டவுனில் வாங்கியதையெல்லாம் பிரித்துக் கொடுத்தாகிவிட்டது. கோடாலித் தைலம் ஒரு டஜன் எந்த மூலைக்கு? எதிர்வீட்டு ஆச்சி இன்னொன்று கேட்டார்கள். பகோடா தெருவில் வாங்கிய பட்டுப் பையை அக்கா எடுத்துக்கொண்டாள். "என் பையன் பத்து நாளும் கூடவே இருந்து சுற்றிக் காட்டினான்" என்று எல்லோரிடமும் சொன்னேன். பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பைக் கடையில் நீ பர்சைத் திறந்து நோட்டை இரண்டு தடவை எண்ணினாயே, அதுதான் கண்ணிலேயே நிற்கிறது. நான் அந்தப் பையைக் கேட்டிருக்கக் கூடாது.

மாரியம்மன் கோயிலை நினைக்காத நாளில்லை. சுற்றிலும் சீனர்கள் கடை, நடுவில் நம் கோபுரம். அந்தக் கோபுரத்தைப் பகோடா, அதாவது புத்தர் கோயில் கோபுரம், என்று நினைத்துத்தான் தெருவுக்கே அந்தப் பெயர் வந்தது என்று சொன்னாய். 1827-இல் நாராயண பிள்ளை கட்டிய கோயில், நம் நாகப்பட்டினம், கடலூர்ப் பக்கத்துச் சனங்கள் கும்பிட்ட அம்மன் என்றும் நீதான் சொன்னாய். அவர் 1819-இல், சிங்கப்பூரை நிறுவிய வெள்ளைக்காரர் ராஃபிள்ஸோடு பினாங்கிலிருந்து வந்தவர், செங்கல் சூளை போட்டார், துணிக்கடை வைத்தார், 1822-இல் கடை தீயில் போய்க் கடனாளி ஆனார். அந்த இடத்தில் உன் குரல் இறங்கிவிட்டது. கடன்காரர்களிடம் தவணை கேட்டு மறுபடி எழுந்தார் என்பதை மட்டும் அவசரமாகச் சொல்லிவிட்டு, "வாம்மா, பசிக்கும்" என்று கூட்டிக்கொண்டு போனாய். கப்பலில் வந்து இறங்கியவர்களை, வேலை கிடைக்கும்வரை அந்தக் கோயிலிலேயே தங்க விட்டார்களாமே. உள்ளே நின்றபோது அதைத்தான் நினைத்துக்கொண்டேன். எதற்கு என்று நீ கேட்கவில்லை.

அப்புறம் மேக்ஸ்வெல் உணவங்காடி. மேசையில் டிஷ்யூ பொட்டலத்தை வைத்தால் அந்த இடம் நமதாகிவிடும் என்று காட்டினாய். அந்த வெயிலில் இவ்வளவு நீள வரிசையா என்று இருந்தது. கோழி வேகவைத்த தண்ணீரிலேயே இஞ்சியும் பூண்டும் போட்டு வடித்த சோறு. மசாலா இல்லாமல் இவ்வளவு ருசி வரும் என்று நான் நம்பியதில்லை. ஆனால் ஒரே தட்டுத்தான் வாங்கினாய். "எனக்குப் பசிக்கலம்மா" என்றாய். காலையில் காப்பியும் ஒரு துண்டு ரொட்டியும்தான் உன் வயிற்றில் இருந்தது, எனக்குத் தெரியாதா? நான் மிச்சம் வைத்த சோற்றை நீ வழித்துச் சாப்பிட்டாய். அதற்கு நாலைந்து டாலர்தான் இருக்கும். வேளாவேளைக்குச் சாப்பிடு தம்பி.

முன்பெல்லாம் வீடியோவில் பேசினால் ஐந்து நிமிடத்தில் ஆபீஸ் போன் வந்துவிடும். இந்தப் பத்து நாளில் ஒரு தடவைகூட அடிக்கவில்லை. லீவு என்றாய், சரி. அம்மாவிடம்கூடச் சொல்லக் கூடாதா என்று பிளேனில் வரும்போது கோபம்கூட வந்தது. அப்புறம் யோசித்துப் பார்த்தேன். கோபப்பட எனக்கு யோக்கியதை இல்லை.

மில் மூடியபோது அப்பா இரண்டு மாதம் சொல்லாமல் தினமும் டிபன் கேரியரோடு கிளம்பிப் போனார். தெரிந்த அன்று நான் பேசிய பேச்சை நீ கதவுக்குப் பின்னால் நின்று கேட்டாய். எட்டாவது படித்துக்கொண்டிருந்தாய். வேலை போனதற்கு அவர் என்ன செய்வார்? பயத்தில் கத்தினேன், வீட்டு வாடகையை நினைத்துக் கத்தினேன். அன்றிலிருந்து இந்த வீட்டில் கெட்ட செய்தி எதுவும் என் காதுக்கு முதலில் வந்ததில்லை. அப்பாவுக்கு நெஞ்சுவலி என்பதே கடைசியில் எனக்குத்தான் தெரிந்தது. அவரிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய்க்கவே இல்லை. உன்னிடம் கேட்கிறேன். அப்படிப் பேசியது தப்பு.

நான் எதுவும் கேட்கவில்லை. நீயாகச் சொல்லும்போது சொல். இந்த மாதம் பணம் அனுப்ப வேண்டாம். அடுத்த மாதமும் வேண்டாம். தையலில் வருவது எனக்குப் போதும். வளையலை மீட்டுவிட்டேன், அது பீரோவில்தான் இருக்கிறது. எதற்கும் தேவைப்பட்டால் மாமாவிடம் கேட்காதே, என்னிடம் கேள்.

மாடி அறைக்கு வெள்ளை அடித்தாகிவிட்டது. உன் மெத்தையை இன்று வெயிலில் போட்டிருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா