மாவட்டத்துக்கு ஓர் இடைநிலை இல்லமாவது கொடுங்கள்

தமிழ்நாடு அரசின் மக்கள் நல்வாழ்வுத் துறைக்கும் மாற்றுத்திறனாளிகள் நலத் துறைக்கும்,

வணக்கம். மனநோய்ச் சிகிச்சை முடிந்தவர்கள் வீட்டுக்குத் திரும்புவதற்கு முன் தங்கிப் பழக ஓர் இடைநிலை இல்லம் கேட்டு எழுதுகிறேன்.

போன மாதம் எங்களை வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். வாடகை ஒரு மாதமும் தவறியதில்லை. என் தம்பிக்கு மனச்சிதைவு நோய் இருப்பது தெருவில் தெரிந்துவிட்டது, அவ்வளவுதான் காரணம். "கோவிச்சுக்காதம்மா, கீழே சின்னப் பிள்ளைங்க இருக்காங்க" என்றார் வீட்டுக்காரம்மா. அந்தப் பிள்ளைகளை அவன் ஏறெடுத்துப் பார்த்ததுகூட இல்லை. வாசலில் நாலு பேர் பேசிக்கொண்டிருந்தாலே அறைக்குள் போய்விடுகிறவன் அவன்.

அம்மா போன பிறகு அவனுக்கு நான் மட்டும்தான். நான் வேலைக்குப் போனால்தான் அடுப்பு எரியும். புதிதாகப் பார்க்கிற வீடுகளிலும் "வீட்டுல யார் யாரு?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். ஆகவே இப்போது என் முன்னால் இருப்பது ஒரே வழி: அவன் முன்பு இருந்த தனியார் காப்பகத்திலேயே திரும்பக் கொண்டுபோய் விடுவது. அதைச் செய்ய எனக்கு மனமில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

அங்கே அடித்தார்கள், பட்டினி போட்டார்கள் என்றெல்லாம் நான் புகார் சொல்லவில்லை. சோறு போட்டார்கள், மாத்திரை நேரத்துக்குக் கொடுத்தார்கள். கேட் எப்போதும் பூட்டியிருக்கும். மணி அடித்தால் வரிசையில் நிற்க வேண்டும், மாத்திரையை விழுங்கிவிட்டு வாயைத் திறந்து காட்ட வேண்டும். விளக்கு, ஃபேன் எல்லாவற்றுக்கும் சுவிட்ச் வராந்தாவில், வார்டனின் கையில். வீட்டுக்கு வந்த புதிதில் தம்பி வியர்த்துக் கொட்டிக்கொண்டு சுவிட்ச் போர்டுக்குப் பக்கத்தில் நிற்பான். என்னடா என்றால், "ஃபேன் போட்டுக்கட்டுமா அக்கா?" என்பான். தண்ணீர் குடிக்க அனுமதி, பாத்ரூம் போக அனுமதி. குக்கர் விசில் அடித்தால் எழுந்து சுவரோரமாகப் போய் நின்றுகொள்வான். எலெக்ட்ரிக்கல் டிப்ளமோ முடித்தவன் அவன். நோய் வருவதற்கு முன்னால் எங்கள் பழைய தெருவில் பல வீடுகளுக்கு ஒயரிங் செய்து கொடுத்தவன், ஃபேன் போட என்னிடம் அனுமதி கேட்டு நின்றான்.

இது நோயால் வந்ததில்லை, பூட்டி வைத்ததால் வந்தது. இதை மாற்ற மாத்திரை கிடையாது. தானாகக் கடைக்குப் போய் அரை லிட்டர் பால் வாங்கி, மீதிச் சில்லறையை எண்ணி, திரும்பி வந்து டீ போட்டுக் குடித்துப் பழகிப் பழகித்தான் அது மாறும். இரவு மாத்திரையின் அசதி காலையிலும் விடாதவனுக்கு அதற்கேற்ற அரை நாள் வேலை அமைய வேண்டும். தொடர்ந்து இரண்டு ராத்திரி தூக்கம் கெட்டால் கவனித்து டாக்டரிடம் கூட்டிப்போக விவரம் தெரிந்த ஓர் ஆள் பக்கத்தில் வேண்டும். பகல் முழுக்க வேலையில் இருக்கிற ஒரு அக்காவால் இவ்வளவும் முடியாது. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் நடுவில் இதற்கென்றே ஓர் இடம் இருக்க வேண்டும். அதைத்தான் இடைநிலை இல்லம் என்கிறோம். நான் விசாரித்த வரையில் எங்கள் மாவட்டத்தில் அப்படி ஒன்று இல்லை. ஒரு அலுவலகத்தில் கேட்டால் இன்னொரு அலுவலகத்தைக் கை காட்டுகிறார்கள்.

சட்டம் உங்களுக்குத் தெரியாததில்லை. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், பிரிவு 19. குடும்பம் இல்லை, குடும்பம் ஏற்கவில்லை, வீடில்லை, வெளியே வசதி இல்லை என்ற காரணங்களுக்காக மட்டும் ஒருவரை மனநல நிலையத்திலேயே வைத்திருக்கக் கூடாது என்கிறது அது. இடைநிலை இல்லம், குழு இல்லம் போன்றவற்றை நியாயமான கால அளவுக்குள் அரசே அமைக்க வேண்டும், அல்லது அமைப்பவர்களுக்குத் துணை நிற்க வேண்டும் என்றும் சொல்கிறது. சட்டம் 2018-இல் நடைமுறைக்கு வந்தது. இன்னும் எத்தனை வருடம் போனால் நியாயமான காலம் ஆகும்?

முடியாத காரியத்தையும் நான் கேட்கவில்லை. இந்த மாநிலத்திலேயே பேன்யன் அமைப்பு, நீண்ட காலம் காப்பகத்தில் இருந்த பெண்களை 2015 முதல் நாலைந்து பேராகச் சாதாரணத் தெருக்களில் வாடகை வீடு எடுத்துக் குடியமர்த்தி, கூட ஆள் வைத்துப் பார்த்துக்கொள்கிறது. அவர்கள் சமைக்கிறார்கள், சந்தைக்குப் போகிறார்கள். ஒரு தொண்டு நிறுவனத்தால் ஆகிறது, அரசாங்கத்தால் ஆகாதா?

2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஏர்வாடியில் மனநோயாளிகளுக்கான ஒரு காப்பகத்தில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் கருகிச் செத்தார்கள். அதன் பிறகு சங்கிலியைத் தடுக்கக் கடுமையான நடவடிக்கைகள் வந்தன. நல்லதுதான். ஆனால் அவர்களை அங்கே கொண்டுபோய் விட்ட குடும்பங்களுக்கு வேறு எந்தக் கதவு திறந்திருந்தது என்று யார் கேட்டார்கள்? இன்றைக்கும் அந்தக் கதவு எனக்குத் திறக்கவில்லை. ஒவ்வொரு அக்டோபர் 10-ஆம் தேதியும் உலக மனநல நாள் என்று பதாகை பிடித்துப் பேரணி போகிறார்கள், மேடையில் உறுதிமொழி எடுக்கிறார்கள். மறுநாள் காலையில் குணமானவனுக்கு வாடகைக்கு ஓர் அறை கேட்டுப் போனால், அந்த மேடைக்கு எதிரே இருக்கிற தெருவிலேயே கிடைக்காது. விழிப்புணர்வு வேண்டும்தான். அது வருகிற வரைக்கும் இவர்கள் எங்கே படுப்பார்கள்?

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது இதுதான். மாவட்டத்துக்கு ஓர் இடைநிலை இல்லமாவது கொடுங்கள். பெரிய கட்டடம் வேண்டாம், ஊருக்கு வெளியே வேண்டவே வேண்டாம். பேருந்து போகிற தெருவில், ஐந்தாறு பேர் இருக்கிற அளவுக்கு ஒரு வாடகை வீடு போதும். ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று என்றால் இன்னும் நல்லது. கூடவே பயிற்சி பெற்ற பணியாளர், மாவட்ட மனநலத் திட்டத்தின் டாக்டர் வந்து பார்க்க ஓர் ஏற்பாடு. வாசல் சாவி அங்கே இருப்பவர்கள் கையிலும் இருக்க வேண்டும். அங்கிருந்து வெளியேறுகிறவர்களுக்கு வீடு பிடிக்க அட்வான்ஸ் தொகையும், வீட்டு உரிமையாளரிடம் பேச அரசுத் தரப்பில் ஓர் ஆளும் தாருங்கள். எந்தத் துறை செய்வது என்பதை நீங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள். எங்களை இனி அலைய விடாதீர்கள்.

மருந்துக்கு வருகிற நாட்களில் புறநோயாளிகள் பிரிவு பெஞ்சில் என்னைப் போன்ற அக்காக்களும், எழுபது வயதுத் தாய் தகப்பன்களும் உட்கார்ந்திருக்கிறோம். "நமக்கப்புறம் இவனை யார் பாப்பா?" என்பதுதான் அங்கே எப்போதும் பேச்சு. அவர்களுக்காகவும் கேட்கிறேன்: மாவட்டத்துக்கு ஓர் இடைநிலை இல்லமாவது கொடுங்கள். எந்த ஊரில், எந்த மாதத்திலிருந்து என்று எழுத்தில் பதில் தாருங்கள். வீடு அமைந்தால் பாத்திரம், பாய், அடுப்பு எல்லாம் குடும்பங்கள் சேர்ந்து வாங்கித் தருகிறோம்.

இப்படிக்கு,
ஓர் அக்கா